பத்து டம்ளர் ஃபில்டர்

சேசு மரி சூசை

கும்பகோணம்
12.9.1995

அன்புத் தம்பி அருள்பிரகாஷுக்கு, அக்கா அமலோற்பவம் எழுதிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை திருவாரூரில் பெண் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நம் பக்கம் நான், உன் அத்தான் பெரியநாயகசாமி, என் மூத்தவள் ஆஷ்லின், பிறந்த ஊர் கூத்தாநல்லூர் என்பதால் வழி தெரியும் என்று கூட வந்த பக்கத்து வீட்டுக் கமருன்னிஸா. அவர்கள் பக்கம் பெண்ணின் அப்பா தங்கையன், அவர் சம்சாரம், பெண் ஃபிளோரா, அவளுடைய பெரியப்பா ஒருவர். பெரியப்பா பாதியில் தூங்கிவிட்டார். ஆனாலும் இருந்தவர் இருந்தவர்தான், எழுதிவிட்டேன்.

பெண் மாநிறம், நல்ல உயரம். அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். காபி வந்தது. வாயில் வைத்ததுமே இரண்டாம் டிகாக்ஷன் என்று தெரிந்துவிட்டது. “நீ போட்டதாம்மா?” என்று கேட்டேன். எந்தப் பெண்ணும் ஆமாம் என்றுதான் சொல்லும். இவள், “இல்லங்க, அம்மா போட்டாங்க. எனக்கு டீதான் வரும்” என்றாள். தங்கையன் சம்சாரத்துக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்கு அந்த நிமிஷமே பெண்ணைப் பிடித்துவிட்டது.

மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். மஸ்கட்டில் கட்டடக் கம்பெனியில் கணக்கர் என்று அத்தான் சொன்னார். ஆபீஸில் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி ஒரு ஃபோட்டோ இருந்தால் நல்லது என்றார் தங்கையன். அனுப்பிவை. வரும் மே மாதம் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம், ஈஸ்டர் முடிந்து கோவிலில் கல்யாண ஓலை வாசிக்க ஆரம்பிக்கலாம் என்று பேச்சு. அம்மா இல்லாத வீட்டில் உனக்கு நல்லது செய்து பார்க்கவேண்டும் என்று வேளாங்கண்ணி மாதாவிடம் கேட்டுக்கொண்டது இப்போதுதான் கைகூடி வருகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். ஃபோட்டோவை மறக்காதே.

அக்கா

*

மஸ்கட்
1.10.1995

அன்புள்ள அக்காவுக்கு, அருள்பிரகாஷ் வணக்கம். நான் நலம். அங்கே நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே வெயில் இன்னும் தணியவில்லை.

பெண்ணைப் பற்றி எழுதியிருந்ததைப் பலமுறை படித்தேன். உங்களுக்குப் பிடித்திருந்தால் எனக்குச் சம்மதம்.

ஒரு விஷயம் கேட்கவேண்டும். நல்ல காபி எப்படிப் போடுவது என்று விவரமாக எழுதுங்கள். இங்கே மின்சாரக் காபி மேக்கர் ஒன்று இருக்கிறது. தண்ணீரை ஊற்றிப் பட்டனைத் தட்டினால் காகிதக் கூம்பில் உள்ள பொடி வழியாகச் சொட்டி, ஐந்து நிமிஷத்தில் குடுவை நிறைந்துவிடும். நிறம் இருக்கிறது, ருசி இல்லை. பால் சேர்த்தால் சாம்பல் கரைத்த மாதிரி ஆகிவிடுகிறது. பொடி போதவில்லையா, இயந்திரத்தின் குணமே அதுவா? நம் ஊர் ஃபில்டர் வாங்கினால் பித்தளை நல்லதா, எவர்சில்வர் நல்லதா? பொடி நைசாக இருக்க வேண்டுமா, கொரகொரப்பாகவா? தண்ணீர் எந்த அளவு கொதிக்க வேண்டும்? போட்ட டிகாக்ஷன் எத்தனை நேரம் கெடாமல் நிற்கும்? இங்கே பால் பவுடர்தான். அதைத் திரிதிரியாக ஆகாமல் கரைப்பது எப்படி?

சீக்கிரம் எழுதினால் உதவியாக இருக்கும்.

உங்கள் தம்பி
அருள்

*

சேசு மரி சூசை

கும்பகோணம்
22.10.1995

அன்புத் தம்பிக்கு, அக்கா. எல்லோரும் சுகம். அத்தானுக்கு மட்டும் மழை ஆரம்பித்ததும் வழக்கமான மூட்டுவலி.

கட்டப்போகிற பெண்ணைப் பற்றி இரண்டு வரி, காபியைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். தண்ணீர் குடிக்கக்கூட அடுப்படிக்கு வராதவன் நீ. என்ன திடீரென்று? கேட்டதற்குப் பதில் சொல்வது என் கடமை, சொல்கிறேன்.

மேக்கரைக் குற்றம் சொல்லாதே. பால் விடாமல் கறுப்பாகக் குடிக்கிறவர்களுக்காகச் செய்தது அது. தண்ணீர் பொடியைத் தொட்டதும் ஓடிவிடுகிறது. நமக்குத் தண்ணீர் பொடியோடு உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். அதை வைத்தே ஒப்பேற்ற வேண்டுமென்றால் பொடியை இரண்டு மடங்காக்கு, தண்ணீரைப் பாதியாக்கு.

ஃபில்டர் விஷயம். பித்தளையில் சூடு நிற்கும், பார்க்கவும் லட்சணம். ஆனால் உள்ளே பூசிய ஈயம் போய்விட்டால் களிம்பு ஏறும். மஸ்கட்டில் ஈயம் பூச யாரைத் தேடுவாய்? எவர்சில்வர்தான் உனக்குச் சரி. வாங்கும்போது மேல் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கவேண்டும். ஓட்டைகள் எல்லாம் ஒரே அளவில் ஊசிமுனை மாதிரி தெரிய வேண்டும். பாத்திரக்கடை பஞ்சநதத்திடம் ஏழெட்டைத் தூக்கிப் பார்த்தேன். “என்னக்கா, மாப்பிள்ளை பாக்கற மாதிரி பாக்கறீங்க” என்றார். “மாப்பிள்ளைய இப்படி வெளிச்சத்துல தூக்கிப் பாக்க முடியலையே பஞ்சநதம்” என்றேன்.

பொடி கொஞ்சம் கொரகொரப்பாக இருக்கட்டும். நைசாக இருந்தால் ஓட்டை அடைத்துக்கொண்டு டிகாக்ஷன் இறங்காது. சிக்கரி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பொடியைப் போட்டு, ஃபில்டரோடு வரும் குடைத் தட்டை மேலே வைத்து லேசாக அமுக்கு. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, கொதி அடங்கினவுடன் சுற்றிலும் ஊற்றி மூடிவிடு. இறங்கவில்லையே என்று தட்டாதே. ஒரு ஜெபமாலை சொல்லி முடிப்பதற்குள் இறங்கிவிடும். அவசரமாகச் சொல்லாதே, டிகாக்ஷனும் கெடும், ஜெபமும் கெடும். பால் பவுடரை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கூழாகக் கரைத்துக்கொண்டு, பிறகு நீர் சேர்த்துச் சூடாக்கு. டிகாக்ஷனைப் பாலோடு சேர்த்துக் கொதிக்கவிடக் கூடாது. காலையில் போட்டது மதியச் சாப்பாடு வரை நிற்கும். அதற்கு மேல் அது வேறு சாமான்.

கமருன்னிஸாவின் வீட்டுக்காரர் ஜபருல்லா பாய் லீவு முடிந்து அடுத்த மாதம் மஸ்கட் திரும்புகிறார். ஒரு ஆளுக்குப் போதுமான இரண்டு டம்ளர் ஃபில்டரும் அரைக் கிலோ பொடியும் கொடுத்துவிடுகிறேன்.

ஃபோட்டோ எங்கே?

அக்கா

*

மஸ்கட்
25.11.1995

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். நலம். அத்தான் மூட்டுவலிக்கு இங்கே கிடைக்கும் தைலம் ஒன்று அனுப்புகிறேன்.

ஃபில்டரும் பொடியும் வந்து சேர்ந்தன. நீங்கள் எழுதியபடியே செய்தேன். ஜெபமாலையும் சொன்னேன். முதல் நாளே ஒருவர் இரண்டாம் முறை கேட்டுக் குடித்தார். அக்கா, அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. மேக்கரை மேலே பரணில் தூக்கி வைத்துவிட்டேன்.

பொடி ஐந்தாம் நாளே தீர்ந்துவிட்டது. இப்போதைக்கு இங்கே கிடைக்கிற பொடியை வைத்து ஒப்பேற்றுகிறேன். சிரமம் பார்க்காமல் இரண்டு கிலோ அனுப்ப முடியுமா? கூடவே பத்து டம்ளர் ஃபில்டர் ஒன்று. இரண்டு டம்ளர் ஃபில்டரில் மாற்றி மாற்றிப் போட்டுக் கட்டுப்படியாகவில்லை.

இன்னொரு சந்தேகம். லீலாம்மா என்று ஒருவர். அவருக்குச் சர்க்கரை கூடாது, கசப்பும் கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு டிகாக்ஷனைக் குறைத்துப் பால் கூட்டுவதா, இரண்டாம் டிகாக்ஷனைத் தனியாக எடுத்து வைப்பதா? எழுதுங்கள்.

கேமரா ரிப்பேர். ஃபோட்டோ பிறகு அனுப்புகிறேன்.

அருள்

*

சேசு மரி சூசை

கும்பகோணம்
14.12.1995

தம்பிக்கு, அக்கா. சுகம். தைலம் வந்தது, அத்தான் பூசிக்கொள்கிறார், மணம் மட்டும் பிரமாதம் என்கிறார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் இந்த வீட்டுக்குள் வருகிற அரிசியும் பருப்பும் எண்ணெயும் எத்தனை நாள் வரும் என்று நாற்பது பேர் விருந்துக்குக்கூடக் கண்ணால் பார்த்தே சொல்வேன். ஒரு ஆள் காலை ஒன்று, மாலை ஒன்று குடித்தால் அரைக் கிலோ ஒரு மாதத்தை நெருக்கிப் பிடிக்கும். நீ ஐந்தே நாளில் தீர்த்திருக்கிறாய். அறையில் நான்கு பேர் என்று முன்பு எழுதினாய். நான்கு பேரும் வேலைக்குப் போகாமல் குடித்தால்தான் இந்தக் கணக்கு வரும். யார் குடிப்பது?

லீலாம்மா யார்? மலையாளத்துப் பெயர். கல்யாணம் ஆனவளா? உனக்கும் அவளுக்கும் என்ன, அவளுக்குச் சர்க்கரை கூடாது, கசப்பு கூடாது என்று நீ ஏன் மெனக்கெடுகிறாய்? நான் இருபது வருஷமாக உன் அத்தானுக்குக் காபி போடுகிறேன். அவருக்குச் சர்க்கரை எத்தனை என்று அவருடைய கூடப்பிறந்தவர்களுக்குக்கூடத் தெரியாது. அது வீட்டிலிருக்கிறவளுக்கு மட்டும் தெரியும் விஷயம்.

தப்பாக நினைக்கிறேன் என்றால் சொல். அடுத்த கடிதத்தில் பொடியைப் பற்றி ஒன்றும் வேண்டாம், இதற்குப் பதில் வேண்டும்.

ஃபிளோரா கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டை அனுப்பியிருக்கிறாள், எனக்கு. உனக்குத் தனியாக அனுப்ப விலாசம் கேட்டாள். இன்னும் கொடுக்கவில்லை.

அக்கா

*

மஸ்கட்
5.1.1996

அன்புள்ள அக்காவுக்கு, புத்தாண்டு வணக்கம். சுகம். கிறிஸ்மஸ் பூசைக்குப் போனேன், நல்ல கூட்டம்.

லீலாம்மா ஆபீஸில் டைப்பிஸ்ட். அவ்வளவுதான். நீங்கள் வேறெதுவும் நினைக்க வேண்டாம். பொடியை நான் மட்டும் குடிக்கவில்லை, பலரும் கேட்கிறார்கள், இல்லை என்று சொல்ல முடியவில்லை.

பத்து டம்ளர் ஃபில்டர் மிகவும் அவசரம் அக்கா. எப்படியாவது அனுப்புங்கள்.

இன்னொன்று. ஒரு மாதமாக லீலாம்மாவுக்குக் காபி வாடை பட்டாலே குமட்டுகிறது என்கிறார். வாடை அதிகம் எழாமல் டிகாக்ஷன் இறக்க ஏதாவது வழி உண்டா? ஃபில்டரை ஈரத்துணியால் சுற்றி வைத்தால் போதுமா?

அத்தானையும் ஆஷ்லினையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அருள்

*

சேசு மரி சூசை

கும்பகோணம்
28.1.1996

அருள்பிரகாஷுக்கு,

இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் உன் கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

நான் மூன்று பெற்றவள். எந்தப் பெண்ணுக்கு, எந்த மாதத்தில், காபி வாடை பட்டால் குமட்டும் என்று எனக்கா தெரியாது? நீ ஈரத்துணி சுற்ற வழி கேட்கிறாய், அதுவும் என்னிடம். கமருன்னிஸாவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, “அக்கா, இதுக்கு மேல அவர் என்னத்தைத்தான் எழுதணும்?” என்றாள்.

மூன்று ஞாயிறும் பூசையில் சாமியார் ஓலை வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று சொல்வார். சொல்லாமல் மறைத்தால் பாவம். அந்த மூன்று ஞாயிறும் முன் பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. ஒரு பெண்ணின் வாழ்க்கை. ‘எனக்கு டீதான் வரும்’ என்று உள்ளதைச் சொன்ன பெண்.

எனக்கு இரண்டு பதில் வேண்டும். அந்தப் பிள்ளை யாருடையது? ஃபிளோராவைக் கட்டிக்கொள்ள உனக்கு உரிமை இருக்கிறதா, இல்லையா?

பத்து டம்ளர் ஃபில்டர் வாங்கிவிட்டேன். அலமாரியில் இருக்கிறது. பதில் வரும்வரை அங்கேயே இருக்கும்.

அமலோற்பவம்

*

சேசு மரி சூசை

கும்பகோணம்
6.3.1996

அருள்பிரகாஷுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, பதில் இல்லை. தவக்காலம் வந்துவிட்டது. விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பல் வாங்கும்போதும் உன் நினைப்புதான்.

ஜபருல்லா பாய் அவர் தம்பி கல்யாணத்துக்காக வந்திருக்கிறார். போன மாதமே உன்னைப் பார்த்துவிட்டு வரச்சொல்லிக் கமருன்னிஸா மூலம் சொல்லி அனுப்பியிருந்தேன். நேற்று நம் வீட்டில் வைத்து விசாரித்தேன்.

“ரூமுக்குப் போனேன்க்கா. நாலு ஆம்பளைங்கதான் இருக்காங்க.”

“கொடியில பொம்பளைத் துணி ஏதாச்சும்?”

“நான் கொடியெல்லாம் பாக்கலைக்கா.”

“பாத்திருக்கணுமில்ல?” என்றாள் கமருன்னிஸா. “அதுக்குத்தானே போகச் சொன்னது!”

“ஆபீசுக்குப் போனீங்களா பாய்?” என்றேன்.

“போனேன். கீழ உக்காரச் சொன்னாங்க. கால்மணி கழிச்சு வந்தாரு. கையெல்லாம் ஈரம். சட்டை முன்பக்கம் நனைஞ்சிருந்துச்சு. ‘சீக்கிரம் சொல்லுங்க பாய், நான் போகணும்’னாரு.”

“காலையில எத்தனை மணிக்கு?”

“பத்தரை இருக்கும்.”

கமருன்னிஸா என்னைப் பார்த்தாள். “கணக்கு எழுதுறவருக்குப் பத்தரை மணிக்குக் கை ஈரமாகறதுக்கு என்னக்கா இருக்கு?”

எனக்குப் புரிந்துவிட்டது. ஆபீஸ் பக்கத்திலேயே எங்கோ குடித்தனம் வைத்திருக்கிறாய். மசக்கைக்காரியால் எழுந்திருக்க முடியவில்லை, நீ ஓடிப்போய் ஆக்கிப்போட்டுவிட்டு வருகிறாய்.

இன்று காலை பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். “பாத்தியா அமலோற்பவம், யாராச்சும் பாத்தாங்களா?” என்றார். “பாக்கல சாமி. காபியில தெரியுது” என்றேன். “காபியிலயா!” என்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். எல்லாக் கடிதத்தையும் படித்துக் காட்டின பிறகு அவர் சிரிக்கவில்லை. உன் கையெழுத்தில் பதில் வரும்வரை ஓலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

தங்கையனுக்கும் ஃபோன் செய்து, ஒரு தடை இருக்கிறது, ஓலை இப்போதைக்கு இல்லை என்றேன். என்ன தடை என்று கேட்டார். மஸ்கட்டில் ஒரு பெண் விவகாரம், விசாரிக்கிறோம் என்று சொல்லவேண்டியதாகிவிட்டது. அந்த வார்த்தையைச் சொல்லும்போது அத்தான் என் பக்கம் திரும்பவே இல்லை.

இதற்கும் பதில் இல்லையென்றால் நான் எழுதுவது இதுவே கடைசி.

அமலோற்பவம்

*

மஸ்கட்
19.3.1996

அக்கா,

உங்கள் கடிதம் இன்று காலை கிடைத்தது. சூசையப்பர் திருநாள். அவர் தச்சு வேலை செய்தவர் என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் நினைப்பது எதுவும் இல்லை. லீலாம்மாவுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அவர் கணவர் மாத்யூ இங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார். முதல் பிள்ளை. உங்கள் கடிதத்தை அவர்கள் படித்திருந்தால் நான் கடலில்தான் விழவேண்டும்.

நான் இப்போது கணக்கர் இல்லை அக்கா. போன ஜூன் மாதம் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஆறு பேர் எழுதின கணக்கை இரண்டு பேர் தட்டுகிறார்கள். எனக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டேன், ஆள் போதும் என்றார்கள். ஊருக்கு டிக்கெட் தருகிறோம், இல்லையென்றால் சமையலறையில் டீ காபி கொடுக்கிறவன் போய்விட்டான், அந்த இடம் இருக்கிறது என்றார் மேனேஜர். ஊருக்கு வந்து உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது? இருக்கிறேன் என்றேன். நீங்கள் திருவாரூரில் பெண் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் இங்கே தட்டைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாகப் போய்க்கொண்டிருந்தேன். என் பழைய மேஜைக்கும்தான்.

மேனேஜர் பாலக்காட்டுக்காரர். மேக்கர் காபியைக் குடித்துவிட்டு, இதுகூடத் தெரியாதா, வேறு ஆள் பார்க்கவேண்டியதுதான் என்றார். அன்று இரவுதான் முதலில் உங்களைக் கேட்டு எழுதினேன். உங்கள் காபியால்தான் இந்த வேலை நிற்கிறது. பத்தரை மணி, எல்லோருக்கும் கொடுத்து முடித்து டம்ளர் கழுவும் நேரம். ஜபருல்லா பாய் அப்போது வந்துவிட்டார். ஃபோட்டோ ஏன் அனுப்பவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும். உட்கார மேஜை இல்லை.

நீங்கள் கேட்ட இரண்டு கேள்விக்கும் பிப்ரவரியிலேயே பதில் எழுதினேன். எழுதினால் இதையும் எழுதவேண்டிவரும் என்று கிழித்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சாமியாரிடம் பெண் விவகாரம் இல்லை என்று மட்டும் சொல்லி ஓலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஃபிளோரா வீட்டுக்கு இந்த வேலையைச் சொல்ல வேண்டாம். கல்யாணத்துக்குப் பிறகு சமயம் பார்த்து நானே சொல்லிக்கொள்கிறேன். உங்கள் காலைப் பிடித்துக் கேட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அருள்

*

சேசு மரி சூசை

கும்பகோணம்
11.4.1996

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதிக்கொண்டது. ஈஸ்டர் நல்லபடியாக ஆயிற்று. எல்லோரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா? முந்தின இரண்டு கடிதத்தில் இதைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

உன்னைப் பற்றி நினைத்ததற்கும், லீலாம்மா என்கிற அந்தப் பெண்ணைப் பற்றி நினைத்ததற்கும் பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். அத்தனை மாதமாக உனக்குக் காபி சொல்லிக்கொடுக்கிறேன் என்று நினைத்தேன், வேலை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தெரிந்திருந்தால் இன்னும் ஒழுங்காகச் சொல்லியிருப்பேன். பத்து டம்ளர் ஃபில்டரும் இரண்டு கிலோ பொடியும் ஜபருல்லா பாயிடம் போன வாரமே கொடுத்துவிட்டேன். கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் வேலைக்குச் சாமான் வேண்டும்.

ஆனால் நீ கேட்ட கடைசிக் காரியத்தை நான் செய்யவில்லை. நம் பங்கில் ஓலையில் ஊரும் பெற்றோரும் மட்டுமல்ல, மாப்பிள்ளை செய்யும் வேலையையும் சேர்த்து வாசிப்பது உனக்குத் தெரியும். பீடத்துக்கு முன்னால் நின்று மூன்று ஞாயிறு சாமியார் ஒரு பொய்யை வாசிக்க, அது பொய்யென்று தெரிந்து நான் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஈஸ்டருக்கு மறுநாள் அத்தானும் நானும் திருவாரூர் போனோம். உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. விஷயத்தை வாயால் சொன்னேன்.

தங்கையன் எழுந்து நின்றுவிட்டார். “போன மாசம் பொம்பளை விவகாரம்னீங்க. இந்த மாசம் காபி போடறாருங்கறீங்க. எது மோசம்னே எனக்குத் தெரியலையேம்மா!” அவர் சம்சாரம், கணக்கர் என்று நம்பி எல்லோரிடமும் சொல்லிவிட்டோமே என்று அழுதார். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். கேட்கவேண்டியதுதானே.

ஃபிளோரா பள்ளிக்கூடம் விட்டு அப்போதுதான் வந்தாள். முதலிலிருந்து இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

“யாரு சொன்னா அவருக்கு, காபி போடறது கேவலம்னு?” என்றாள்.

“யாரும் சொல்லலம்மா.”

“அப்ப அவரேதான் நினைச்சுக்கிட்டாரு. அதுதாங்க எனக்குப் பயமா இருக்கு. இன்னைக்கு இதை மறைச்சாரு. நாளைக்கு அங்க போனதும், ஊருக்கு எழுதும்போது நீயும் கணக்கர்னே எழுதும்பாரு. எனக்கு அது வராதுங்க.”

“இந்தச் சம்பந்தமே வேணாம்னு சொல்லிடுவோம்” என்றார் தங்கையன்.

“இருங்கப்பா. நீங்களும் இவங்களுமே பேசிக்கிட்டிருக்கீங்க. கட்டிக்கப் போறவர் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. ஓலையில என்ன வேலைன்னு வாசிக்கணும்னு அவரே தன் கையால எழுதி அனுப்பட்டும். கணக்கர்னு எழுதினா என்னை விட்டுடுங்க. உள்ளதை எழுதினா மூணு ஞாயிறும் நான் கும்பகோணம் வந்து முன் பெஞ்சுல உக்காந்து கேக்கறேன்.”

“ஊர்க்காரங்க சிரிப்பாங்கம்மா” என்றார் தங்கையன்.

“சிரிக்கட்டும்ப்பா. எதிர்லயே சிரிச்சுட்டுப் போகட்டும்.”

இதில் நான் ஒரு எழுத்தும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நீ என்ன எழுதுவாய் என்று எனக்குத் தெரியாது. பழைய மாதிரி நம்பிவிட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். பிப்ரவரியில் எழுதிக் கிழித்ததைப் போல இதையும் கிழித்துவிடுவாயோ என்று இந்த வரியை எழுதும்போதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

முதல் ஓலை மே ஐந்தாம் தேதி ஞாயிறு. அதற்குள் என்ன வேலை என்று நீ எழுதின சீட்டு சாமியார் கையில் இருக்கவேண்டும். ஒரே ஒரு வரி போதும். ஃபிளோராவின் விலாசத்தைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். எனக்குக் கடிதம் வேண்டாம், அவளுக்கு எழுது. தாமதிக்காமல் பதில் போடு.

அக்கா
அமலோற்பவம்